சம்பா மூழ்கிடுச்சு, கணக்கெடுப்பு வரப்போகுது: நிவாரணப் பட்டியல்ல பேர் விட்டுப்போகாம இருக்க என்னென்ன பார்க்கணும்?

கடைமடை (கேள்வி)

வணக்கம். தொடர்மழையில சம்பா, தாளடி நெல் ரெண்டுமே ஆறு நாளா தண்ணிக்குள்ள நிக்குது. வடிகால் எதிர்த்து நிக்கிறதால வடியவும் மாட்டேங்குது. வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) உதவி வேளாண்மை அலுவலரும் (ஏ.ஏ.ஓ.) சேர்ந்து கூட்டுக் கணக்கெடுப்புக்கு வருவாங்கன்னு தகவல். கிராமத்துல ஒட்டி வைக்க ஒரு குறிப்பு தயார் பண்ணணும். ஊர் நிலவரம் இது:

1. பாதிப் பேருக்கு தனிப்பட்டா இருக்கு. மீதி கூட்டுப் பட்டா, இல்லேன்னா இறந்துபோன அப்பா பேர்லயே பட்டா.
2. கோயில் நிலக் குத்தகை நிறைய. தனியார் நிலத்துல வாய்மொழிக் குத்தகையும் உண்டு.
3. சிலர் வடிஞ்ச உடனே உழுது மறுநடவு போடலாம்னு இருக்காங்க. கணக்கெடுப்புக்கு முன்னாடி உழலாமா?
4. பயிர்க் காப்பீடு கட்டினவங்களுக்கு நிவாரணம் கிடையாதுன்னு ஒரு பேச்சு ஓடுது. உண்மையா?
5. ஏக்கருக்கு எவ்வளவு வரும்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க.

பொதுவா "மனு கொடுங்க"ன்னு சொல்லாம, எந்தத் தாள், எந்தக் கட்டம், எங்க தப்பு நடக்கும்னு சொன்னா உபயோகமா இருக்கும்.

---

பசலிக்கணக்கு

மனுவெல்லாம் பிறகு. இந்த நிவாரணம் முடிவாகிற இடம் ரெண்டே ரெண்டு: அடங்கல், அடுத்து கணக்கெடுப்பு நடக்கிற அந்த அரை மணி நேரம். அதுல விட்டதை அப்புறம் ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் போய்ப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அடங்கல்ங்கிறது கிராமக் கணக்கு எண் 2. சர்வே எண் வாரியா இந்தப் பசலியில யார் சாகுபடி, என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம்னு எழுதியிருக்கும். பசலிங்கிறது வருவாய்க் கணக்கு வருஷம், ஜூலை 1-ல ஆரம்பிச்சு ஜூன் 30-ல முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரைக்கும் 1434. பசலி தொடங்கற ஆங்கில வருஷத்துல 590 கழிச்சா பசலி வந்துடும். போன பசலி அடங்கலைக் கையில வெச்சுக்கிட்டு "எங்கிட்டதான் இருக்கே"ன்னு நிக்கிறவங்க எல்லா ஊர்லயும் உண்டு. அது செல்லாது. இந்தப் பசலிக்கு, இந்தப் பயிருக்கு வேணும்.

அடங்கல் நகல்ல நாலு விஷயத்தைப் பாருங்க:

சர்வே எண்ணோட உட்பிரிவு. 112/3-ன்னு நிலம் பிரிஞ்சு 3ஏ, 3பி ஆகியிருக்கும். அடங்கல்ல பழைய 112/3 முழுசும் ஒருத்தர் பேர்ல நிக்கும். அப்படி இருந்தா ரெண்டாவது ஆளுக்கு வரியே கிடையாது.

பயிர். "நெல்"னு இருக்கணும். போன வருஷக் குறிப்பு "தரிசு"ன்னு அப்படியே தொடர்ந்திருந்தா அன்னைக்கே திருத்தச் சொல்லுங்க. இப்ப டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்புல வயலுக்கே வந்து படம் பிடிச்சு ஏத்துறாங்க. அதுல விட்டுப்போன உட்பிரிவுகள்தான் பின்னால தலைவலி.

பரப்பு. சிட்டாவுல (நிலம் யார் பேர்ல, எவ்வளவுன்னு காட்டற தாள்) ஹெக்டேர், ஏர்ஸ்னு (ஹெக்டேர்ல நூறுல ஒரு பங்கு) இருக்கும். 0.45.50-ன்னு இருந்தா 0.455 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 12 சென்ட். இதை 45 சென்ட்னு படிக்கிற தப்பு அடிக்கடி நடக்குது.

பாசனம். நஞ்சையா மானாவாரியாங்கிறதை வெச்சு தொகை பாதிக்குப் பாதி மாறும்.

சிட்டாவை அரசு இணையச் சேவையிலயே இலவசமா எடுத்துடலாம். அடங்கலுக்கு வி.ஏ.ஓ.கிட்ட போகணும். கணக்கெடுப்பு அன்னைக்கு அவர் கையில நூறு பேர் கூட்டம் இருக்கும். அதனால இப்பவே வாங்கிடுங்க.

இனி கணக்கெடுப்பு நாள். வரப்புல நின்னு பார்த்துட்டுப் போற வேலைதான் பெரும்பாலும் நடக்கும். ரோட்டோரம் இருக்கிற நாலு வயல் பட்டியல்ல ஏறும். உள்ளே, வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது "இதே மாதிரிதான்"னு ஒரு சதவீதத்துல போயிடும். அதனால ஒரு வாய்க்கால் பாசனத்துக்கு ஒரு ஆள்னு நியமிச்சு, அந்தப் பகுதி சர்வே எண்கள், உட்பிரிவு, சாகுபடியாளர் பேர், பரப்பு இதை ஒரு தாள்ல வரிசையா எழுதி, அலுவலர் கூடவே நடந்து ஒவ்வொண்ணா டிக் போட வைங்க. வி.ஏ.ஓ.வும் ஏ.ஏ.ஓ.வும் ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டாத்தான் அது கூட்டுக் கணக்கெடுப்பு. வாழை, தென்னை, காய்கறி இருந்தா தோட்டக்கலைத் துறை ஆள் வரணும். வேளாண்மைப் பட்டியல்ல அது ஏறாது. ரெண்டு துறைக்கும் நடுவுல விட்டுப்போறது பெரும்பாலும் வாழைதான்.

இன்னொண்ணு. 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம்னா நிவாரணம். 2015-க்கு முன்னாடி இது 50 சதவீதமா இருந்தது. பழைய நினைப்புல "பாதிக்கு மேல போகலையே"ன்னு சொல்லிக்கிட்டு ஒதுங்கி நிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. மூணுல ஒரு பங்கு போயிருந்தாலே தகுதி உண்டு. இந்த 33-ஐ ஊர் சராசரியா பார்க்கிறதில்ல, வயல் வயலாத்தான் பார்க்கணும்.

---

நாற்றங்கால்

3-ம் கேள்விக்கு: அவசரப்பட்டு உழாதீங்க. உழுத வயல்ல சேதம் எவ்வளவுன்னு அலுவலர் எதைப் பார்த்து எழுதுவார்? பருவம் போயிடும்னு உழுதே ஆகணும்னா, ஏ.ஏ.ஓ.வுக்கு முன்கூட்டியே எழுத்துல தகவல் கொடுத்துட்டு, ஜிபிஎஸ் முத்திரையோட படம் எடுத்து வெச்சுட்டு உழுங்க. படத்துல வரப்பு மட்டும் தெரிஞ்சா எந்த வயல்னு சொல்ல முடியாது. பக்கத்துல இருக்கிற மோட்டார் கொட்டகை, பனைமரம், மதகு ஏதாவது ஒண்ணு கட்டாயம் படத்துல வரணும். மூழ்கின அன்னைக்கு ஒண்ணு, வடிஞ்ச மறுநாள் ஒண்ணு, நாலு நாள் கழிச்சு ஒண்ணுன்னு ஒரே இடத்துல நின்னு மூணு படம் இருந்தா பேச்சே வராது.

சதவீதத்தை வாய்ல சொல்லாம எண்ணிக் காட்டலாம். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி நடவுன்னா ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து (நாத்துக் கொத்து) இருக்கும். நாலு குச்சி நட்டு ஒரு சதுர மீட்டர் கட்டி, அழுகின குத்து எத்தனைன்னு எண்ணுங்க. 17 போயிருந்தா 33-ஐத் தாண்டியாச்சு. திருந்திய நெல் சாகுபடியில 25-க்கு 25-ன்னா சதுர மீட்டருக்கு 16 குத்துதான், அங்க 6 போனாலே தாண்டிடும். மேட்டுல ஒண்ணு, தாழ்வுல ரெண்டு, நடுவுல ஒண்ணுன்னு நாலு இடம் எண்ணணும். தாழ்வான மூலையை மட்டும் காட்டினா அவர் உடனே மேட்டைக் கையைக் காட்டுவார்.

அழுகின குத்தைக் கண்டுபிடிக்கிறது சுலபம். நடுக்குருத்தைப் பிடிச்சு இழுத்தா வெண்ணெயில முடி மாதிரி வந்துடும், அடி பழுப்பா இருக்கும், நாத்தம் அடிக்கும். உயிரோட இருக்கிறது இலையெல்லாம் மஞ்சளா சேறு படிஞ்சு கிடந்தாலும் குருத்து கையோட வராது.

பயிரோட வயசை வெச்சுதான் சேதம் மாறும். தூர் கட்டற பருவத்துல இருக்கிறது ஒரு வாரம் மூழ்கினாலும் ஓரளவு எழும். சிஆர் 1009 சப் 1 மாதிரி ரகம் ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும்னுதான் வெளியிட்டாங்க. பார்க்க மோசமா இருந்தாலும் வடிஞ்ச பிறகு கிளம்பிடும். அதனால இந்த ரகத்துக்கு அலுவலர் சதவீதத்தைக் குறைச்சு எழுதினா முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாது. பூ எடுக்கிற நேரத்துல மூழ்கினதுதான் ஏமாத்தும். பயிர் பச்சையா நிமிர்ந்து நிக்கும், கதிர் உள்ளே பதராப் போயிருக்கும். வரப்புல நின்னு பார்த்தா "நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். அந்த வயல்ல பத்துக் கதிரைப் பறிச்சு உள்ளங்கையில உருவி, நெல்லை நகத்தால நசுக்கிக் காட்டுங்க. பால் வந்தா பிடிச்சிருக்கு, வெறும் உமி நொறுங்கினா போயாச்சு. ஆனா பூத்த மறுநாளே இதைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, பால் பிடிக்கிற நாள் வரைக்கும் பொறுக்கணும். அறுப்புக்கு நின்னது சாய்ஞ்சு தண்ணியில கிடந்தா கதிர்லயே முளைச்சிடும். ஒரு கொத்தை வேரோட பிடுங்கி வரப்புல வெச்சா அதுக்கு மேல விளக்கமே வேண்டாம்.

நிவாரணத்துக்காகப் பிழைக்கிற பயிரைச் சாக விடாதீங்க. தண்ணி வடிஞ்சதும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ராத்திரி முழுக்க வெச்சு, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடறது டெல்டாவுல வழக்கமான பரிந்துரை. இலை வெளுத்து துரு மாதிரி புள்ளி இருந்தா லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், 10 கிராம் யூரியா கரைச்சு அடிக்கலாம். வயல்ல தண்ணி நிக்கும்போது யூரியாவைக் கொட்டினா அது கடலுக்குத்தான் போகும்.

---

கடைமடை

நன்றி. எண்ணிக் காட்டற முறை நல்லா இருக்கு, அப்படியே குறிப்புல சேர்க்கிறேன். குத்தகை, கூட்டுப் பட்டா பத்தி யாராவது சொல்லுங்க. அங்கதான் சண்டை வருது.

---

பசலிக்கணக்கு

மறந்துட்டேன். இதுதான் பெரிய சமாச்சாரம்.

இது இடுபொருள் மானியம். விதை, உரம், நடவு கூலின்னு போட்டவருக்குப் போகணும், அதாவது சாகுபடி செய்தவருக்கு. பட்டா வெச்சிருக்கிறதாலேயே நில உடமையாளருக்குப் போறதில்ல. ஆனா அலுவலர் கையில இருக்கிற ஆதாரம் பட்டாதான். சாகுபடியாளர் வேற ஆள்னு வேற எதுவும் சொல்லலேன்னா பட்டாதாரர் பேரைத்தான் எழுதுவார், அவர் சென்னையில இருந்தாலும் சரி.

கோயில் நிலம்னா: அறநிலையத் துறை போட்ட குத்தகை ரசீது யார் பேர்ல இருக்கோ அவர்தான் குத்தகைதாரர். நடப்பு வருஷ ரசீது வேணும். பாக்கி இருந்தா ஒரு பகுதியாவது கட்டி இந்த வருஷத் தேதியில ரசீது வாங்கி வைங்க. உள்குத்தகைதான் சிக்கல். ரசீதுக்காரர் வேற, உழுறவர் வேறன்னா சட்டப்படி உள்குத்தகைக்கு இடமில்லாததால யாரும் எழுத்துல ஒப்புக்க மாட்டாங்க. பணம் ரசீதுக்காரருக்குத்தான் போகும். அதை ரெண்டு பேரும் முன்னாடியே பேசித் தீர்த்துக்கிறதைத் தவிர வழியில்ல.

தனியார் நிலக் குத்தகை: 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேடு சட்டப்படி பதிவு பண்ணியிருந்தா அந்த நகல் போதும். வாய்மொழிக் குத்தகையில அது இருக்காது. பதிவு பண்ணினா நிலம் கையை விட்டுப் போயிடும்னு உடமையாளருக்குப் பயம். அங்க நடைமுறையில ஓடற வழி, "இந்தப் பசலியில இன்ன சர்வே எண்ணில் சம்பா சாகுபடி செய்தவர் இன்னார், நிவாரணத் தொகையை அவர் கணக்கில் வழங்க எனக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு உடமையாளர் வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோட கொடுக்கிறது. "இந்தப் பசலியில்"ங்கிற வார்த்தையை விடாதீங்க. அது இருந்தா நிரந்தர உரிமை கேட்பாங்கன்னு உடமையாளருக்குப் பயம் வராது, கையெழுத்தும் சீக்கிரம் கிடைக்கும். அதை வெச்சு அடங்கல்ல சாகுபடியாளர் பேரை எழுத வைங்க. உரக்கடை ரசீது, கூட்டுறவுச் சங்கத்துல வாங்கின பயிர்க்கடன், காப்பீடு கட்டின ரசீது இதெல்லாம் சாகுபடிக்குத் துணை ஆதாரம்.

கூட்டுப் பட்டா: சிட்டாவுல அஞ்சு பேர் இருப்பாங்க, யாருக்கு எவ்வளவுன்னு இருக்காது. அனுபவத்துல யார் எந்தத் துண்டு உழுறாங்கன்னு வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், ஆனா வம்பு வேண்டாம்னு முதல் பேருக்கு முழுசையும் எழுதிடுவார். ஆளுக்கு இவ்வளவு ஏர்ஸ்னு பிரிச்சு எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொடுத்தா அவருக்கும் நிம்மதி. கூட்டல் சிட்டாவுல இருக்கிற மொத்தப் பரப்பைத் தாண்டக்கூடாது. அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு ஏக்கர்னு சொல்லி, மொத்தமே நாலு ஏக்கரா இருந்தா முழு வரியும் நிராகரிப்பு.

இறந்தவர் பேர்ல பட்டா: பட்டா மாறுதல் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க, அது இந்த நிவாரணத்துக்குள்ள முடியாது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில இப்பவே விண்ணப்பம் போட்டு, ஒப்புகை எண்ணோட, மத்த வாரிசுகள் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து, சாகுபடி பண்ற மகனோ மகளோ பேரை எழுத வைங்க. எந்தக் காரணத்துக்கும் இறந்தவரோட வங்கிக் கணக்கைக் கொடுக்காதீங்க. பணம் வந்து அங்கயே மாட்டிக்கும்.

---

வரப்புவெட்டி

காப்பீடு கட்டினவங்களுக்கு நிவாரணம் கிடையாதுன்னு எங்க பக்கமும் சொல்றாங்களே? ரெண்டு பக்கமும் வாங்க முடியாதுன்னு.

---

நாற்றங்கால்

தப்பு. ரெண்டும் வேற வேற பாதை. நிவாரணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வர்றது, அதுக்கு நீங்க ஒண்ணும் கட்டல. காப்பீடு நீங்க பிரீமியம் கட்டி வாங்கினது. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம் கட்டியிருப்பீங்க. ஒண்ணை வாங்கினா இன்னொண்ணு போயிடாது.

ஆனா குழப்பம் வர்றதுக்குக் காரணம் இருக்கு. நிவாரணம் வயல் வாரியா. நெல்லுக்குக் காப்பீடு ஊர் வாரியா: கிராமத்துல சில வயல்கள்ல அறுவடைப் பரிசோதனை பண்ணி, வந்த மகசூல் நிர்ணய மகசூலுக்கு (முன்கூட்டியே வெச்ச அளவு) கீழ எவ்வளவு குறைஞ்சிருக்கோ அந்த விகிதம் கட்டின எல்லாருக்கும். அதனால உங்க வயல் முழுசா அழுகியிருந்தும் ஊர்ல மேட்டு வயலெல்லாம் நல்லா விளைஞ்சிருந்தா காப்பீடு சுழியமா வரலாம். வயல்ல ஒண்ணும் ஆகாதவருக்குக் காப்பீடு வரலாம், நிவாரணம் வராது. கணக்கெடுப்புல 80 சதவீதம் சேதம்னு எழுதினதைக் காட்டி காப்பீட்டு நிறுவனத்துகிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கு அது கணக்கே இல்ல.

தனி வயல் சேதத்துக்கும் காப்பீட்டுல ஒரு பிரிவு உண்டு, 72 மணி நேரத்துக்குள்ள 14447-க்கோ செயலியிலயோ சொல்லணும். ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு மாதிரி. நெல் மூழ்கினதை 2018-ல இந்தப் பிரிவுலருந்து எடுத்துட்டாங்க. 2026 காரிஃப் (ஜூன்ல தொடங்கற பருவம்) முதல் திரும்பச் சேர்க்கிறதா 2025 நவம்பர்ல ஒன்றிய அரசு அறிவிச்சிருக்கு. அறுத்துப் போட்டு வயல்லயே காயவெச்ச கதிர் நனைஞ்சா, அறுத்த 14 நாளுக்குள்ளன்னா, அதுக்குத் தனியா கேட்கலாம். அங்கயும் அதே 72 மணி நேரம்.

---

இருவேலி

தொகைக் கணக்கு நான் சொல்றேன், எல்லாரும் இதுல தடுமாறுறாங்க.

2022-23 முதல் 2025-26 வரைக்கான பேரிடர் நிதி விதிப்படி, 33 சதவீதமும் அதுக்கு மேலயும் சேதமானா ஹெக்டேருக்கு: மானாவாரி 8,500, பாசனப் பயிர் 17,000, பல்லாண்டுப் பயிர் 22,500 ரூபாய். ஃபெஞ்சல் புயலுக்கு 2024 டிசம்பர்ல தமிழக அரசு அறிவிச்சதும் இதே தொகைதான்.

17,000-ங்கிறதை ஏக்கருக்கு மாத்தினா 6,880 ரூபாய் சுமார். ஒரு மாவுக்கு (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) 2,270 ரூபாய் பக்கம். மேல சொன்ன 0.45.50 நிலத்துக்கு 7,735. "அறிவிச்சது 17 ஆயிரம், வந்தது 7 ஆயிரம், நடுவுல யாரோ தின்னுட்டாங்க"ன்னு வர்ற புகார்ல பாதி இந்த ஹெக்டேர், ஏக்கர் குழப்பம்.

கீழ்வரம்பு இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. பாசனப் பயிருக்குக் குறைஞ்சது 2,000 ரூபாய், மானாவாரிக்கு 1,000, பல்லாண்டுக்கு 2,500. 20 சென்ட் வெச்சிருக்கிறவருக்கு 0.08 ஹெக்டேர் கணக்குல 1,360 தான் வரும், ஆனா 2,000 கொடுக்கணும். 29 சென்ட்டுக்குக் கீழ உள்ள எல்லாருக்கும் இது பொருந்தும்.

மேல்வரம்பு ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர், சுமார் 15 மா. ஒரு வேலி (20 மா) முழுசா போனாலும் 34,000-தான். நட்ட பரப்புக்கு மட்டும்தான் தொகை, தரிசாக் கிடந்தது சேராது.

இது அந்த வருஷங்களுக்கான அடிப்படை விதி. மாநில அரசு தன் நிதியிலருந்து கூட்டிக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கு. நிவர், புரெவி புயல் சேதத்துக்கு 2021 ஜனவரியில நெல்லுக்கு 13,500-ஐ 20,000 ஆக்கி 2 ஹெக்டேர் வரம்பையும் தளர்த்தினாங்க. 2023 பிப்ரவரி மழைக்கும் நெல்லுக்கு 20,000. அதனால ஒவ்வொரு மழைக்கும் அந்த மழைக்கான அரசாணையைத்தான் பார்க்கணும். பழைய வாட்ஸ்அப் படத்தை வெச்சு வி.ஏ.ஓ.கிட்ட வாதாடாதீங்க.

இதுக்கு வெளியே ரெண்டு இனம் இருக்கு, கேட்டாத்தான் எழுதுவாங்க. கொள்ளிடக்கரை மாதிரி உடைப்பெடுத்து வயல்ல மணல் மூடியிருந்தா, 3 அங்குலத்துக்கு மேல படிஞ்சிருந்தா, அகத்த ஹெக்டேருக்கு 18,000. சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். ஒரு அளவுகோலை மணல்ல குத்தி வெச்சு எண் தெரியற மாதிரி படம் எடுங்க. அடுத்தது மாடு: பசு, எருமை செத்தா 37,500, ஆடு 4,000, உழவு மாடு 32,000, கோழி ஒண்ணுக்கு 100. கால்நடை உதவி மருத்துவர் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாம எதுவும் நகராது. புதைச்ச பிறகு சொல்லிப் பலனில்ல.

தென்னை சாய்ஞ்சா சில சமயம் மரக்கணக்கு வரும். கஜா புயலுக்கு 2018-ல மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500-ன்னு கொடுத்தாங்க. அதனால மரத்தை அறுத்து வித்துட்டாலும் அடிக்கட்டையை எண்ணி முடிக்கிற வரைக்கும் தோண்டாதீங்க.

---

பாஸ்புக்

எல்லாம் சரியா எழுதிக் கடைசியில வங்கியில கோட்டை விடறதைப் பத்தி யாரும் சொல்லல.

பணம் ரெண்டு வழியில வரலாம். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு) வெச்சு ஒண்ணு. ஆதார் எண்ணை வெச்சு இன்னொண்ணு. ரெண்டாவதுல நீங்க எந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தீங்கங்கிறது பொருட்டே இல்ல. கடைசியா எந்த வங்கியில ஆதாரை மானியத்துக்காக இணைச்சீங்களோ அங்க போகும். "பணமே வரல"ன்னு சொல்றவங்க பல பேருக்குப் பணம் எப்பவோ எரிவாயு மானியத்துக்காகத் திறந்து மறந்துபோன கணக்குல கிடக்கும். அதனால ஆதார் எந்த வங்கியோட இணைஞ்சிருக்கோ அதே கணக்கை எழுதிக் கொடுங்க. எந்த வழியில வந்தாலும் ஒரே இடம். இணைப்பு நிலையை ஆதார் இணையதளத்துல பார்க்கலாம், செல்போனுக்கு ஓடிபி வரும். வங்கியில கேஒய்சிக்கு (அடையாளச் சரிபார்ப்பு) ஆதார் நகல் கொடுத்தது வேற, மானிய இணைப்பு வேற. "ஆதார் கொடுத்தாச்சே"ன்னு நினைச்சுக்காதீங்க, மானிய இணைப்புக்குன்னு தனிப் படிவம் எழுதிக் கொடுத்திருக்கணும்.

அடிக்கடி திரும்பிப் போற காரணங்கள்: சேமிப்புக் கணக்குக்குப் பதிலா நகைக்கடன் எண்ணை எழுதறது (ரெண்டும் ஒரே பாஸ்புக் உறையில இருக்கும்). 2020-ல இணைஞ்ச வங்கிகளோட பழைய ஐஎஃப்எஸ்சி: சிண்டிகேட் இப்ப கனரா, அலகாபாத் இப்ப இந்தியன் வங்கி, ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியன் வங்கி. பழைய பாஸ்புக் முதல் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தா பழைய குறியீடுதான் ஏறும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்துல இருக்கிற கணக்கைக் கொடுக்கிறதும் வேண்டாம், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்குன்னா பரவாயில்ல. கேஒய்சி புதுப்பிக்காம முடங்கின கணக்கு. பட்டாவுல ஒரு இனிஷியல், ஆதார்ல இன்னொண்ணு.

கணக்கு எண்ணை வாயால சொல்லாதீங்க. வி.ஏ.ஓ. பேனாவுல எழுதறதை இன்னொருத்தர் கணினியில ஏத்துவார், ரெண்டு கை மாறும்போது 1-ம் 7-ம் இடம் மாறும். பாஸ்புக் நகல்ல சர்வே எண்ணையும் செல்போன் எண்ணையும் எழுதிக் கொடுங்க.

இன்னொரு சமாச்சாரம், பயிர்க்கடன். ரிசர்வ் வங்கி 2018-ல வெளியிட்ட இயற்கைச் சீற்ற வழிகாட்டுதல்படி, 33 சதவீதத்துக்கு மேல சேதம்னு அறிவிச்ச பகுதியில குறுகிய காலப் பயிர்க்கடனை மாத்தி அமைக்க இடம் இருந்தது. சேதம் 33-லருந்து 50 வரைன்னா 2 வருஷம், 50-ம் அதுக்கு மேலயும்னா 5 வருஷம் வரைக்கும் தவணை, அதுல குறைஞ்சது ஒரு வருஷம் அவகாசம்னு இருந்தது. சீற்றம் நடந்து மூணு மாசத்துக்குள்ள இது முடியணும்னும் இருந்தது. நிவாரணப் பணம் வருதான்னு பார்த்துக்கிட்டே இந்த மூணு மாசத்தை விட்டுடுறாங்க. இப்ப என்ன விதின்னு கிளையில எழுத்துல கேளுங்க, ஒப்புகை வாங்குங்க.

---

கடைமடை

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: பட்டியல்ல பேர் வரலேன்னு தெரிஞ்சா அப்புறம் என்ன வழி? அதையும் குறிப்புல போடணும்.

---

பசலிக்கணக்கு

பணம் வந்த பிறகு தெரிஞ்சுக்கிறதை விட, பட்டியல் வட்டாட்சியர் ஒப்புதலுக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். கணக்கெடுப்பு முடிஞ்ச வாரமே வி.ஏ.ஓ.கிட்ட உங்க வாய்க்கால் பட்டியலை வெச்சு வரி வரியா சரிபாருங்க. அப்ப பேனாவாலேயே திருத்திடலாம். மேல போன பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோப்பு.

அப்பவும் விட்டுப்போச்சுன்னா வட்டாட்சியருக்கு மனு, நகல் வேளாண்மை உதவி இயக்குநருக்கு. மனுவுல "எனக்கு நிவாரணம் வரவில்லை"ன்னு எழுதினா அது யார் மேஜையிலயும் நிக்காது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஹெக்டேர்ல, பயிர், பசலி, கணக்கெடுப்பு நடந்த தேதி, பக்கத்து சர்வே எண் பட்டியல்ல இருக்கு, என்னுது இல்லன்னு ஒரு வரி. அந்தப் பக்கத்து வயல் வரிதான் மறு ஆய்வுக்கு அனுப்ப வைக்கும், ஏன்னா ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம் மூழ்கி இந்தப் பக்கம் மூழ்காம இருக்காது. ஒப்புகை எண் வாங்குங்க. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், மாசாமாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டம், முதல்வர் உதவி எண் 1100, இந்த மூணுலயும் அதே ஒப்புகை எண்ணைக் குறிப்பிடுங்க, ஒவ்வொரு இடத்துலயும் புது மனுவா போடாதீங்க.

பதில் வரலேன்னா தகவல் உரிமைச் சட்டம் 6(1)-ல வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்புங்க. "ஏன் கொடுக்கவில்லை"ன்னு கேட்காதீங்க, காரணம் கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பிடுவாங்க. இன்ன கிராமத்தோட கூட்டுக் கணக்கெடுப்புப் படிவ நகல், வட்டாட்சியர் ஒப்புதல் அளித்த பயனாளிகள் பட்டியல் நகல், வங்கியிலருந்து திரும்பி வந்த பட்டியல் நகல்னு மூணு ஆவணத்தைக் கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும், இல்லேன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. மூணாவது நகலை மறக்காதீங்க. பேர் பட்டியல்ல இருந்து, பணமும் அனுப்பி, கணக்கு எண் தப்பால திரும்பி வந்து கிடக்கிறது அதுலதான் தெரியும். அப்படி இருந்தா சரியான பாஸ்புக் நகலை மட்டும் கொடுத்தா போதும், புதுசா சேதத்தை நிரூபிக்க வேண்டியதில்ல.